கோச்சிப் பாதை – 14: பிளக்பூல் சந்தியில் மூன்று நாள்

அம்மா அதற்கு முன் மூன்றே மூன்று தடவைதான் நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அண்ணன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு. பிரஜாவுரிமைக் கடதாசிக்காகக் கச்சேரிக்கு. அப்பா தவறிய வருஷம் மறுபடியும் கச்சேரிக்கு. டிக்கோயாப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியா சுமார் முப்பது மைல். முப்பத்தேழு வருஷம் கொழுந்தெடுத்த மனுஷி, அந்த ஊர் வாவியை நின்று பார்த்ததில்லை. பஸ் ஜன்னலில் ஓடி மறைந்ததைப் பார்த்ததோடு சரி.

இந்தச் சித்திரையில் அவரை அங்கே மூன்று நாள் தங்கக் கூட்டிப்போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கு முடியல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. சும்மா போயிட்டு வருவோம்."

"சும்மா எதுக்குப் புள்ள போறது?"

போன வாரம் ஹட்டன் ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்தே தொடர்கிறேன். கோச்சி வர அரைமணி நேரம் இருந்தது. அம்மா வாங்கில் உட்காரவில்லை. மேடையின் ஓரமாக நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். பெரியம்மா கோச்சி ஏறிய இடம் அதுதான் என்று பிறகு சொன்னார். அது 1972. அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் புருஷன் வீட்டார் இந்தியப் பங்கில் விழுந்தார்கள். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறியவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் வண்டி நகர்ந்ததே தெரியாதாம். தலைமன்னாரில் கப்பல், கடலைத் தாண்டினால் இராமேஸ்வரம். பெரியம்மா போய்ச் சேர்ந்து எழுதிய முதல் காயிதத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கடலைப் பற்றித்தான் இருந்ததாக அம்மா சொல்வார். தீவிலே பிறந்து அறுபத்தைந்து வயதாகியும் அம்மா கடலைப் பார்த்ததில்லை.

அதே தண்டவாளத்தில் இப்போது உலகத்து மனிதர்களெல்லாம் எல்லவுக்குப் போகிறார்கள். எங்கள் பெட்டியின் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அம்மாவும் சிரித்தார். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல. ஸ்டேஷன்களுக்கு இடையில் ஜன்னலை எட்டிப் பார்த்தால் ஹோலிரூட், சமர்செட், எடின்பரோ என்று தோட்டங்கள். கடல் கடந்து வந்த துரைமார் தங்கள் ஊர் நினைப்பை மலை மலையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் ஊர் நினைப்பு இருந்திருக்கும். ஆனால் அவர்களுடைய கிராமத்தின் பெயர் எழுதிய ஒரு தோட்டப் பலகையையும் அந்தப் பாதை நெடுக நான் பார்க்கவில்லை.

இந்தப் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அங்கே இறங்கி நுவரெலியா பஸ் ஏறினால் வழியில் ஒரு சந்தி வரும். பிளக்பூல். அங்கேதான் எங்களுக்கு அறை.

இந்தப் பெயருக்காக இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கிலாந்தின் மேற்குக் கரையிலும் ஒரு பிளக்பூல் இருக்கிறது. கடற்கரை ஊர். 1846இல் அங்கே ரயில் போனது. அதன்பிறகு அந்த ஊரை நிறைத்தவர்கள் பிரபுக்கள் இல்லை. லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள். வருஷத்தில் ஒரு வாரம் ஊருக்கு ஊர் ஆலைகளை மூடுவார்கள். பொயிலரைக் கழுவுவார்கள், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பார்கள். அந்த வாரத்துக்கு வேக்ஸ் வாரம் என்று பெயர். மாதா கோயில் திருவிழாவுக்காக விடிய விடியக் கண் விழித்ததில் பிறந்த பெயர் அது. நம்முடைய மாரியம்மன் திருவிழாவுக்கு நெருங்கிய சொந்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வாரத்தில் தெருவோடு தெருவாக, பிள்ளைகுட்டிகளோடு ரயிலேறிக் கடலுக்குப் போய்விடுவார்கள்.

அந்த வாரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைத்தான் நான் அம்மாவிடம் முதலில் சொன்னேன். சம்பளத்தோடு ஒரு வார விடுமுறைக்கு வழிசெய்த சட்டம் பிரித்தானியாவில் 1938இல்தான் வந்தது. அதுவரைக்கும் வருஷம் முழுக்க வாராவாரம் சில்லறையாகச் சேர்த்து, அந்த ஒரு வாரத்தில் செலவழித்தார்கள். சேர்ப்பதற்கென்றே ஆலைக்கு ஆலை, தெருவுக்குத் தெரு சங்கங்கள் வைத்திருந்தார்கள்.

"சீட்டு," என்றார் அம்மா உடனே.

சீட்டேதான். நம் லயத்துப் பெண்கள் அண்டாவுக்கும் தோட்டுக்கும் போடுவதை அந்தப் பெண்கள் கடலுக்காகப் போட்டார்கள்.

நம்முடைய பிளக்பூலில் கடல் இல்லை, மின்சார நிலையம் இருக்கிறது. 1873இல், வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்த காலத்தில், நுவரெலியாவின் சதுப்பு நிலத்தை வாவியாக்கினார்கள். 1913இல் அந்த வாவித் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கீழே கொண்டுவந்து பிளக்பூலில் மின்சாரம் எடுத்தார்கள். உல்லாசப் படகு ஓடும் வாவியின் தண்ணீருக்குக்கூட இறங்கி வந்து பார்க்க ஒரு வேலை இருந்திருக்கிறது.

அறையைத் திறந்துவிட்ட பையன் வாடகையைச் சொன்னான். ஒரு இரவுக்கு 9,500 ரூபாய், சீசன் நேரம். அவன் போகும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "எத்தன பேரு வருது?"

தோட்டத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குக் கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடும் அடையாளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபடி அப்போது ஒரு பேர் 1,350 ரூபாயாக இருந்தது. கணக்குப் பார்த்தேன். ஏழு பேர். ஒரு இரவு தூங்குவதற்கு ஏழு நாள் மலையில் நிற்க வேண்டும். அம்மா 1976இல் பேர் பதிந்தபோது, ஒரே மலையில் நின்றாலும் ஆம்பிளைப் பேருக்கும் பொம்பிளைப் பேருக்கும் வேறு வேறு சம்பளம். 1984இல்தான் அது சமமானது. அந்தக் கணக்கெல்லாம் ஏறிய மனதிடம் கட்டிலின் விலையை மறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏழு பேரையும் நான் போட்டுட்டேன்மா, நீங்க படுங்க," என்று மட்டும் சொன்னேன்.

விடியற்காலை நாலரைக்கு அவர் எழுந்துவிட்டார். தப்புச் சத்தம் இல்லை, ரொட்டி தட்ட வேண்டியதில்லை, பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப்போகப் பிள்ளை இல்லை. கட்டில் விளிம்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சரிவில் லயத்து விளக்குகள் ஒன்றொன்றாக எரிவதை இரண்டு பேரும் ஜன்னலில் பார்த்தோம். ஏழரை மணிக்கு அதே சரிவில் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு நிரை பிடித்து ஏறினார்கள். பக்கத்து அறைக்காரர்கள் பல்கனிக்கு வந்து படமெடுத்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூணாவது நெரையில நிக்கிறது புதுப்புள்ள. கை ஓடல பாரு. முத்தலையும் சேத்து ஒடிக்குது. மடுவத்துல பேச்சு வாங்கும்."

இதை ஒரு பயணியாலும் பார்த்திருக்க முடியாது. எங்களுக்கு முன்னால் இருந்தது பச்சை மலை. அம்மாவுக்கு முன்னால் இருந்தது அன்றைய வேலை. கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் ஆகியிருக்கும், கடைசிச் சுற்று எப்போது எடுத்திருப்பார்கள், எந்த இடத்தில் அட்டை கடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்களைக் காட்டினார். தோட்டத்தில் நாம் சவுக்கு என்று சொல்லும் அந்தக் கிரவீலியா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நுவரெலியாவைச் சுற்றி நிற்கும் யூக்கலிப்டசும் அங்கிருந்து வந்ததுதான்.

சித்திரையில்தான் நுவரெலியாவுக்குச் சீசன். கீழே வெயில் கொதிக்க, மேலே ஏறிவந்தால் குளிர். எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதி 1820களில் இங்கே மாளிகை கட்டிய காலத்திலிருந்து அந்தக் கணக்கு மாறவில்லை. இப்போது புதுவருஷ விடுமுறைக்குக் கொழும்பு முழுக்க ஏறி வருகிறது. குதிரைப் பந்தயம், மலையேற்றக் கார்ப் பந்தயம், பூக்கண்காட்சி. ஆனால் அதே சித்திரை வைகாசி மழையில்தான் கொழுந்து காடாகத் துளிர்க்கிறது. விட்டால் முற்றிப்போகும். ஊருக்கு விடுமுறை உச்சமான மாதம், கொழுந்தெடுப்பவர்களுக்குக் கை ஓயாத மாதம். இரண்டும் ஒரே மழையிலும் ஒரே குளிரிலும் வருகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்திய வம்சாவளித் தமிழர் என்று 2012 குடிசன மதிப்பீடு சொல்கிறது. வாவிக்கரையில் விடுமுறைக்காரர்களாக நடந்தவர்களில் எங்கள் பேச்சை நான் அபூர்வமாகத்தான் கேட்டேன். கடலை வறுப்பவரிடமும் குதிரை பிடித்து நின்ற பையன்களிடமும் கேட்டேன்.

அன்றைக்குப் பத்து மணிக்கு, பயணிகளை உள்ளே விடும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனோம். இதற்கு அம்மா உடனே சம்மதித்தார். காரணம் வாசலில்தான் தெரிந்தது. முப்பத்தேழு வருஷத்தில் அவர் ஸ்டோருக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மடுவத்தில் கொழுந்தைத் தராசில் போட்டு, துண்டில் எடையைக் குறித்ததோடு அது அவர் கையை விட்டுப் போய்விடும். பிறகு லொறி. பிறகு ஸ்டோரின் மேலே ஆவி. அவ்வளவுதான்.

சுற்றிக்காட்டிய பெண் தோட்டத்துப் பிள்ளை. எங்களுக்கு முன்னால் நின்ற ஜேர்மன்காரர்களுக்கு இங்கிலீஷில் சொன்னதை எங்களுக்குத் தமிழில் மறுபடி சொன்னாள். வாட்டும் தட்டில் இரவெல்லாம் காற்றூதி ஈரத்தை இறக்குவது, உருட்டும் யந்திரம், இலை செம்பு நிறத்துக்கு மாறப் பரப்பி வைப்பது, சூட்டில் காயவைப்பது, சல்லடையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிப்பது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று அவள் சொன்னதும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அம்மா எடுத்தது நாளைக்குப் பதினெட்டுக் கிலோ. நாலு கிலோ தேயிலை. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் இரண்டாயிரம் கோப்பை. ஒரு நாளைக்கு. வேக்ஸ் வாரத்தில் கடலாடி வந்த ஆலைக்காரப் பெண்கள் குடித்த தேத்தண்ணியில் என் பூட்டியும் பாட்டியும் எடுத்த கொழுந்து கிடந்திருக்கும். இரண்டு பக்கமும் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று வேலை செய்தவர்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததேயில்லை.

வாட்டும் தட்டின் பக்கம் போனபோது அம்மா கொழுந்துக்குள் கையை விட்டார். தொட வேண்டாம் என்று பலகை இருந்தது. அந்தப் பிள்ளை பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் விரல் தானாகவே ஒரு முத்தல் இலையைத் தேடிப் பிடித்து இழுத்துக் கீழே போட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவதையும் எடுத்துவிட்டு, பழக்கத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

அம்மா தோட்டத்தின் பெயரைச் சொல்லி, டிவிசனைச் சொல்லி, செக்ரோலில் தன் இலக்கத்தையும் சொன்னார். ஓய்வெடுத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. கேட்காமலே இலக்கம் வாயில் வந்தது. கடைசியில் கோப்பையில் பி.ஓ.பி. தந்தார்கள். சீனி போடாமல் குடித்துவிட்டு, "இதுதானா?" என்றார். நல்லதா இல்லையா என்று சொல்லவில்லை. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

பின்னேரம் மழை. பெய்து ஓய்ந்ததும் வாவிக்குப் போனோம். போகிற வழியில் சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தைக் காட்டினேன், 1894இல் கட்டியது. இங்கிலாந்துப் பிளக்பூலின் பெரிய இரும்புக் கோபுரம் திறந்ததும் அதே வருஷம்தான். அம்மாவுக்குக் கோபுரத்தில் அக்கறை இல்லை. பெரியம்மாவின் நீல வான்கடிதங்கள் இந்த வழியாகத்தான் வந்திருக்குமா என்று கேட்டார். ஹட்டன் வழியாகத்தான் வந்திருக்கும் என்றேன். ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றார்.

வாவிக்கரை வாங்கில் உட்கார்ந்து பெரியம்மாவுக்கு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினோம். அவர் நீலகிரியில், பந்தலூர்ப் பக்கம். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நட்ட தேயிலைத் தோட்டத்தில் அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார். கடல் தாண்டிப் போயும் கூடை மாறவில்லை. நான் போனைத் திருப்பி வாவியையும் அன்னப் படகுகளையும் காட்டினேன்.

"எங்க ஊட்டி மாதிரியே இருக்குடி," என்றார் பெரியம்மா. "இங்கயும் இப்ப சீசன்தான். பூக்காட்சிக்கு ஊரே வருது."

"நீ ஊட்டிக் குளத்துல படகு ஏறியிருக்கியா அக்கா?" அம்மா கேட்டார்.

"நான் ஊட்டிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கேன்."

இரண்டு மலை, இரண்டு நாடு, நடுவில் ஒரு கடல். அக்காவுக்கும் தங்கைக்கும் சீசன் ஊர் என்றால் ஆஸ்பத்திரி. எனக்கு அந்த நேரத்தில் நெஞ்சை அடைத்தது. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பேச்சு பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பியது. இருட்டும் நேரம் நான் இரண்டு டிக்கெட் வாங்கி வந்தேன். படகில் அம்மா நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாதி வாவி போன பிறகு ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டார். குளிர் தாங்காமல் உடனே எடுத்தார். மறுபடி விட்டார்.

மூன்றாம் நாள் சீதாஎலிய கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, பத்து மணிக்கு அறையைக் காலி செய்தோம். பிளக்பூல் சந்தியில் நானுஓயா பஸ்ஸுக்கு நின்றோம். மூடுபனி வந்து வந்து கலைந்தது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. முழங்கால் வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

"அந்த ஆலைக்காரப் பொம்பிளைங்க," என்றார், "வாரத்துக்கு எவ்வளவு போட்டாங்களாம்?"

"எவ்வளவுன்னு ஒரே கணக்கு இல்லம்மா. அவங்கவங்க முடிஞ்சத போட்டாங்க."

"திருக்கோணமலைக்கு பஸ் புடிச்சா எவ்வளவு கேப்பான்?"

கோணேசர் கோயிலுக்குத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. நான் தெரிந்ததைச் சொன்னேன். கோயில் கும்பிட்டுவிட்டு நிலாவெளியில் ஒரு இரவு தங்கலாம், கடல் அங்கே ஆழமில்லாமல் கிடக்கும் என்றும் சொன்னேன்.

"இருபத்தஞ்சு பேரு சேந்தா?"

போனை எடுத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர் அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கேட்டார். பிரித்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தார். மேட்டு லயத்து மாமி. அவர் மருமகள். பிள்ளைக்காம்பரா ஆயம்மா. கால் நொண்டும் அத்தை, அவரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். கடைக்கோடிக் காம்பராவில் தனியாக இருக்கும் கிழவி. அவருடைய பங்கை எல்லாருமாகச் சேர்ந்து போட்டுவிடலாம்.

பஸ் வந்து நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அம்மா படியில் ஒரு காலை வைத்தபடி பதினோராவது விரலுக்கு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

(தொடரும்)